சைக்கிளையும் சேர்த்து டிக்கெட் போடுங்கள்

தாம்பரத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: 2027-ல் பிரான்சில் நடக்கும் 1200 கிலோமீட்டர் சைக்கிள் பயணமான பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் ஓட்ட ஆசை, சொந்த சைக்கிளையே எடுத்துப்போக வேண்டும், விமானத்தில் சைக்கிளுக்கு எவ்வளவு வாங்குவார்கள்? தெரிந்தவர்களில் ஒருவர் ஒரு பைசா கூடக் கட்டவில்லை என்கிறாராம், இன்னொருவர் போக வர இருபதாயிரத்துக்கு மேல் போனது என்கிறாராம், யார் சொல்வது உண்மை?

இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். ஒரே நாளில், ஒரே ஊருக்கு, ஒரே எடையுள்ள பெட்டியோடு போகிற இரண்டு பேருக்கு அப்படி நடக்கும். மீனம்பாக்கத்தில் செக்-இன் கவுண்டருக்கு முன்னால் நிற்கும்போது கட்டணம் முடிவாகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அது நீங்கள் டிக்கெட் போட்ட அன்றே முடிவாகிவிடுகிறது, கவுண்டரில் இருப்பவர் அதைப் படித்துச் சொல்கிறார், அவ்வளவுதான். அதனால் டிக்கெட்டை வாங்கிவிட்டு "சைக்கிளுக்கு எவ்வளவு?" என்று கேட்டால் பாதி வழி அடைபட்டிருக்கும்.

முதலில் சைக்கிள் பெட்டி ஏன் பிரச்சினை ஆகிறது என்று பார்ப்போம். சாதாரண செக்-இன் பெட்டிக்குப் பெரும்பாலான நிறுவனங்கள் வைத்திருக்கும் அளவு நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 செ.மீ. சைக்கிள் கடையில் கிடைக்கும் அட்டைப்பெட்டி சுமாராக 140 × 80 × 25, கூட்டினால் 245. எடை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அளவு அந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறது. பெரும்பாலும் கன்வேயர் பெல்ட்டில் அது போகாது, ஆள் வைத்துத் தூக்க வேண்டும், விமானத்தின் அடிவயிற்றில் நாலு சூட்கேஸ் வைக்கிற இடத்தைப் பிடிக்கும். இதை எப்படிக் கணக்கில் எடுப்பது என்பதில்தான் நிறுவனத்துக்கு நிறுவனம் வித்தியாசம். சிலர் "விளையாட்டுச் சாமான் என்றால் அளவைப் பார்க்க மாட்டோம், உங்கள் இலவச எடைக்குள் இருந்தால் போதும்" என்கிறார்கள். சிலர் சைக்கிளுக்கென்றே ஒரு தனிக் கட்டணம் வைத்திருக்கிறார்கள், உங்கள் இலவச லக்கேஜ் காலியாகக் கிடந்தாலும் அதைக் கட்டியே ஆகவேண்டும். இன்னும் சிலர் அளவு மீறியதற்கு ஒன்று, எடை மீறியதற்கு ஒன்று என்று இரண்டையும் சேர்த்துப் போடுகிறார்கள். அந்த மூன்றாவது வகையில் மாட்டினால்தான் நீங்கள் கேள்விப்பட்ட இருபதாயிரம்.

பிரிட்டிஷ் ஏர்வேஸில் சைக்கிள் பெட்டி 190 × 75 × 65 செ.மீ., 23 கிலோவுக்குள் இருந்தால் உங்கள் செக்-இன் பெட்டிகளில் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறார்கள். நான் மேலே சொன்ன அட்டைப்பெட்டி 80 செ.மீ. உயரம், இந்தக் கணக்கில் 5 செ.மீ. அதிகம் என்பதையும் கவனியுங்கள், அதனால் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டுதான் பெட்டி தேட வேண்டும். லுஃப்தான்ஸாவில் சைக்கிளுக்குத் தனிக் கட்டணம், முன்கூட்டியே பதிவும் செய்ய வேண்டும். எமிரேட்ஸ் மாதிரி வளைகுடா வழிப் பயணத்தில் விளையாட்டுச் சாமான் உங்கள் இலவச எடைக்குள் சேருகிறது. அமெரிக்கா பக்கம் போகிறவர்களுக்கும் ஒரு நல்ல செய்தி உண்டு: 2019-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் டெல்டாவும் சைக்கிளுக்கு வாங்கிக்கொண்டிருந்த 150 டாலர் ஓவர்சைஸ் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள், 23 கிலோவுக்குள் இருந்தால் சாதாரணப் பெட்டிக்கு என்ன விதியோ அதேதான். ஆனால் இந்த விதிகள் அடிக்கடி மாறும். நான் சொன்னதை எந்தப் பக்கம் தேடுவது என்பதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, டிக்கெட் போடும் அன்று அந்த நிறுவனத்தின் தளத்தில் விளையாட்டுச் சாமான் பக்கத்தை முழுக்கப் படியுங்கள்.

டிக்கெட்டில் லக்கேஜ் என்கிற இடத்தில் 30கே என்று இருந்தால் மொத்த எடைக் கணக்கு, எத்தனை பெட்டி என்பது அவ்வளவு முக்கியமில்லை. 2பிசி என்று இருந்தால் பெட்டிக் கணக்கு, இரண்டு பெட்டி, சாதாரண வகுப்பில் பெரும்பாலும் ஒவ்வொன்றும் 23 கிலோ. சைக்கிள்காரர்களுக்கு எது நல்லது என்றால், 2பிசி கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள், ஒன்றில் சைக்கிள், மற்றதில் துணிமணி. 30கே என்றால் சைக்கிள் 17 கிலோ போக மீதி 13 கிலோவில் எல்லாம் அடங்க வேண்டும், அதுவும் முடியும். மிக மலிவான டிக்கெட்டுகளில் 0பிசி என்று இருக்கும், செக்-இன் பெட்டியே கிடையாது. இதைக் கவனிக்காமல் ஐயாயிரம் மிச்சம் என்று சந்தோஷப்படுகிறவர்கள்தான் அதிகம். இன்னொன்று, கட்டணம் கட்டத் தயாராக இருந்தாலும் ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் எடுக்கவே மாட்டார்கள். தூக்குகிற தொழிலாளியின் முதுகைக் காப்பாற்ற வைத்த விதி அது, சரியான விதி.

என் கதையைச் சொல்கிறேன், இந்த ஒரு தப்பைச் சென்னைக்காரர்கள் நிறைய பேர் செய்கிறோம். சில வருடங்களுக்கு முன்னால் ஐரோப்பாவுக்குப் போக டிக்கெட் தேடினேன். மும்பையிலிருந்து கிளம்பினால் ஆறாயிரம் ரூபாய் குறைவு. சரி என்று மும்பை–ஐரோப்பா ஒரு டிக்கெட், சென்னை–மும்பை வேறொரு நிறுவனத்தில் தனி டிக்கெட். வெளிநாட்டு டிக்கெட்டில் சைக்கிளுக்கு ஒன்றும் கிடையாது, நிம்மதியாக இருந்தேன். உள்நாட்டு டிக்கெட்டில் இலவச எடை 15 கிலோ. என்னிடம் ஹார்டு கேஸ் என்கிற கெட்டியான சைக்கிள் பெட்டி, சைக்கிளோடு 21 கிலோ, கூட ஒரு பை 9 கிலோ. 15 கிலோ அதிகம், கிலோவுக்கு சில நூறு ரூபாய், அதுபோக விளையாட்டுச் சாமானுக்கு ஒரு தொகை. விடியற்காலை நாலு மணிக்குக் கவுண்டரில் நின்று கார்டைத் தேய்த்தேன். மிச்சம் பிடித்த ஆறாயிரமும் போய், அதற்கு மேலும் போனது. அந்தக் கவுண்டரில் இருந்த பெண் மேல் எந்தத் தப்பும் இல்லை, என் டிக்கெட்டில் இருந்ததைத்தான் அவர் வாங்கினார். இரண்டு தனி டிக்கெட் என்றால் இரண்டு தனி லக்கேஜ் விதி. மும்பையில் பெட்டியை எடுத்து மறுபடியும் செக்-இன் செய்ய வேண்டும், அங்கே ஒரு தடவை தூக்கி எறியப்படும் வாய்ப்பும் கூடுகிறது.

அதனால் சென்னையிலிருந்து கடைசி ஊர் வரை ஒரே டிக்கெட், ஒரே பி.என்.ஆர். போடுங்கள். ஒரே டிக்கெட்டிலும் இரண்டு நிறுவனங்கள் மாறி வந்தால், எவருடைய லக்கேஜ் விதி செல்லும் என்பதற்கு அவர்களுக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது. பயணத்தின் பெரிய பகுதியைக் கொண்டுபோகிற நிறுவனத்தின் விதி பொதுவாக முழுப் பயணத்துக்கும் பொருந்தும். அமெரிக்கா சம்பந்தப்பட்ட பயணம் என்றால், முதல் பகுதியில் யாருடைய பெயரில் டிக்கெட் விற்கப்பட்டதோ அவர்கள் விதி. கோட்ஷேர் விமானங்களில் டிக்கெட்டில் ஒரு பெயர், விமானத்தின் வாலில் வேறு பெயர் இருக்கும், அப்போது இரண்டு பேரிடமும் கேளுங்கள். இலவசமா கட்டணமா என்பது ஒரு கேள்வி, அந்த விமானத்தில் பெட்டி ஏறுமா என்பது வேறு கேள்வி. தூத்துக்குடிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போகிற மாதிரியான சின்ன ஏடிஆர் விமானத்தில் சரக்குக் கதவு சிறியது, பணம் கட்டினாலும் சில நேரம் ஏறாது.

டிக்கெட் போடும் வரிசையையும் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். மூன்று நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்து, டிக்கெட் விலையோடு சைக்கிள் கட்டணத்தை, போக வர இரண்டு தடவைக்கும் கூட்டி, அப்புறம் ஒப்பிடுங்கள். பெரும்பாலும் முதலில் மலிவாகத் தெரிந்தது மூன்றாவது இடத்துக்குப் போய்விடும். பிறகு நிறுவனத்தின் தளத்திலேயே நேராக வாங்குங்கள். இடைத்தரகுத் தளங்களில் ஆயிரம் ரூபாய் குறையலாம், ஆனால் சைக்கிளைச் சேர்க்கச் சொன்னால் அவர்கள் நிறுவனத்தைக் கேள் என்பார்கள், நிறுவனம் அவர்களைக் கேள் என்பார்கள். வாங்கிய கையோடு போன் செய்து உங்கள் முன்பதிவில் சைக்கிளைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். அவர்கள் கம்ப்யூட்டரில் எஸ்எஸ்ஆர் என்று ஒரு பகுதி உண்டு, சைக்கிளுக்கு பைக் என்றே குறியீடு. அது எச்கே என்ற நிலைக்கு வந்தால்தான் உறுதியானது. "கேட்டு வைத்திருக்கிறோம் சார்" என்றால் உறுதியாகவில்லை என்று அர்த்தம். பெட்டியின் மூன்று அளவுகளையும் எடையையும் எழுதி மின்னஞ்சலும் அனுப்புங்கள், பதில் வந்ததும் அச்செடுத்து வையுங்கள். ராத்திரி ஒரு மணிக்குக் கவுண்டரில் விதி தெரியாத புது ஆள் இருந்தால், அந்த ஒரு தாள்தான் உங்களுக்காகப் பேசும். கட்டணம் உள்ள நிறுவனம் என்றால் முன்கூட்டியே இணையத்தில் கட்டுங்கள், குறிப்பாக ரயன்ஏர் மாதிரி பட்ஜெட் நிறுவனங்களில் விமான நிலையத்தில் கட்டினால் கூடுதல்.

பெட்டி எது என்பதும் பணம்தான். அட்டைப்பெட்டி 3 அல்லது 4 கிலோ, துணி உறை போட்ட பை 6 முதல் 9 வரை, ஹார்டு கேஸ் 10-க்கு மேல். 9 கிலோ ரோடு பைக்கை அட்டைப்பெட்டியில் வைத்தால் 13 கிலோவில் முடிந்துவிடும், ஹார்டு கேஸில் வைத்தால் 20 ஆகிவிடும். கார்பன் சைக்கிள் என்றால் ஹார்டு கேஸ் வேண்டும் என்று பயமுறுத்துவார்கள். நான் இப்போது அட்டைப்பெட்டியில்தான் கொண்டுபோகிறேன், நல்ல பேக்கிங் இருந்தால் போதும் என்பது என் அனுபவம். இன்னொரு நன்மை, உள்ளே என்ன இருக்கிறது என்று தூக்குகிறவருக்குத் தெரிகிறது, மேலே அடுக்கத் தயங்குவார். ஈசிஆர் பக்கமும் வேளச்சேரியிலும் இருக்கிற பெரிய சைக்கிள் கடைகளில் நாலைந்து நாள் முன்னால் சொல்லி வைத்தால், புது சைக்கிள் வந்த பெட்டியை எடுத்து வைப்பார்கள். எடை பார்க்கப் பழைய பேப்பர் கடைத் தராசு போதும், தெருமுனைக் கடைக்காரரிடம் கேட்டால் கொக்கியில் மாட்டிக் காட்டுவார். விமான நிலையத் தராசும் அதுவும் அரைக் கிலோ முன்பின் இருக்கும் என்று ஒரு கிலோ விட்டே கட்டுங்கள்.

பேக்கிங் பற்றி எல்லாம் சொன்னால் இது முடியாது, உடைகிற இடங்களை மட்டும் சொல்கிறேன். கியர் மாற்றுகிற பின் டெரெய்லரைக் கழற்றி ஃபிரேமுக்குள் கட்டுங்கள், அதை ஃபிரேமோடு பிடித்திருக்கும் ஹேங்கர் என்கிற சின்ன உலோகத் துண்டுதான் முதலில் வளையும், ஒரு உபரி ஹேங்கர் கட்டாயம் கொண்டுபோங்கள். உங்கள் மாடலுக்கானது, பயணம் தொடங்குகிற ஊரான ரம்பூயேயில் புறப்படுகிற அன்று தேடினால் கிடைக்காது. டிஸ்க் பிரேக் என்றால் சக்கரத்தில் இருக்கும் ரோட்டார் தட்டைக் கழற்றுங்கள், பிரேக் பேடுகளுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் துண்டைச் செருகுங்கள், இல்லாவிட்டால் வழியில் லீவர் அழுந்தி இரண்டும் ஒட்டிக்கொள்ளும். சக்கரம் எடுத்த ஃபோர்க்கின் இரண்டு காலுக்கும் நடுவே முட்டுக் கொடுங்கள், புது சைக்கிளோடு வரும் பிளாஸ்டிக் துண்டைக் கடைக்காரர் சும்மாவே தருவார். இடது பெடலின் மரை தலைகீழ், வீட்டிலேயே ஒருமுறை கழற்றி கிரீஸ் போட்டு மாட்டிப் பழகுங்கள். சீட்போஸ்ட் உயரத்துக்கு ஒரு டேப் அடையாளம்.

டயர் காற்றை இறக்கச் சொல்வார்கள், இறக்கிவிடுங்கள், வாதம் பண்ண வேண்டாம். ஆனால் மேலே போனால் டயர் வெடிக்கும் என்பது சரியல்ல. சாமான் வைக்கும் அறையிலும் காற்றழுத்தம் உண்டு, தரையில் இருப்பதைவிடக் கால்வாசி வளிமண்டலம் போலக் குறையும், அதாவது சுமார் 3.5 பிஎஸ்ஐ. 100 பிஎஸ்ஐ அடித்த டயர் 103.5 ஆனதைப் போல உணரும், வெயிலில் மகாபலிபுரம் போய்வந்தாலே அவ்வளவு ஏறும். முழுக்க இறக்காமல் பாதி வைத்திருந்தால் ரிம்முக்குப் பாதுகாப்பு.

பேட்டரியில் மட்டும் அலட்சியம் வேண்டாம். கழற்றிய லித்தியம் பேட்டரி, பவர் பேங்க், லைட்டின் உபரி பேட்டரி எல்லாம் கையோடு எடுத்துப்போகும் பையில்தான், செக்-இன் பெட்டியில் வைத்தால் பெட்டியைத் திறக்கச் சொல்லி உங்களை அழைப்பார்கள், சில நேரம் பெட்டியே நின்றுபோகும். 100 வாட்-அவர் வரை அனுமதி தேவையில்லை, 160 வரை நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதற்கு மேல் பயணிகள் விமானத்தில் கிடையாது. மின்சார சைக்கிளின் பேட்டரி பெரும்பாலும் 300-க்கு மேல் என்பதால் அதை எடுத்துப்போகவே முடியாது. பஞ்சருக்கு வைத்திருக்கும் சிஓ2 சிலிண்டரை இங்கேயே விட்டுவிடுங்கள், போன இடத்தில் வாங்கலாம், கைபம்பு ஒன்று இருந்தால் போதும்.

அன்றைய நாள் எப்படி? தாம்பரத்திலிருந்து திரிசூலம் நாலு ஸ்டேஷன்தான், வெண்டார் பெட்டியில் ஏற்றிக் கொண்டுபோனவர்களும் இருக்கிறார்கள், ஆனால் அங்கே இறங்கிப் படிக்கட்டு ஏறி இறங்க வேண்டும், 23 கிலோவோடு நான் பரிந்துரைக்க மாட்டேன். பின் சீட்டை மடக்கிய இன்னோவா போதும், இரண்டு மூன்று பேர் சேர்ந்து போகிறீர்கள் என்றால் ஒரு குட்டியானை பேசிவிடுங்கள், பெட்டி நேராக நின்று வரும். வெளிநாட்டு விமானம் இரண்டாம் முனையம், நாலு மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். கவுண்டரில் டேக் ஒட்டியபின் பெட்டி பெல்ட்டில் போகாது, பெரிய சாமானுக்கான இடத்தில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், ஸ்கேனில் சந்தேகம் வந்தால் திறக்கச் சொல்வார்கள். அதனால் ஒரு பிரவுன் டேப் சுருள் பையில் இருக்கட்டும். விலை உயர்ந்த சைக்கிள் என்றால் செக்-இன் செய்வதற்கு முன்னாலேயே சுங்கத்துறையில் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்குங்கள். பெடல் அச்சுக்கு அடியில் இருக்கும் ஃபிரேம் நம்பரை அதில் எழுதச் சொல்லுங்கள். திரும்பி வரும்போது "புதிதாக வாங்கியதா?" என்ற கேள்விக்கு அதுதான் பதில்.

கவுண்டரில் சில நேரம் ஒரு டேக்கில் கையெழுத்து கேட்பார்கள், சேதத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை என்கிற வாசகம் இருக்கும். பேக்கிங் சரியாக இருக்கிறது என்று அங்கேயே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். விமான நிறுவனங்களின் பொறுப்பு பற்றிய சர்வதேச ஒப்பந்தமான மாண்ட்ரியல் ஒப்பந்தத்தில் இந்தியாவும் இருக்கிறது. வெளிநாட்டுப் பயணத்தில் லக்கேஜ் சேதமானாலோ, தொலைந்தாலோ, தாமதமானாலோ நிறுவனத்தின் பொறுப்பு 2024 டிசம்பர் கடைசியிலிருந்து ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு) வரை, நம் ரூபாயில் ஒன்றரை லட்சத்துக்கு மேல். ஆனால் பெட்டியை எடுத்த இடத்திலேயே திறந்து பாருங்கள். உடைந்திருந்தால் வெளியே வருவதற்கு முன் பிஐஆர் என்கிற புகார்ப் படிவம் எழுதி வாங்குங்கள், எழுத்துப் புகார் ஏழு நாளுக்குள் போக வேண்டும், வந்து சேரத் தாமதமானால் 21 நாள். அந்த 1,519 எஸ்டிஆர் வரம்பைவிட விலை உயர்ந்த சைக்கிள் என்றால் பயணக் காப்பீட்டில் அதைத் தனியாகச் சேர்த்துவிடுங்கள்.

கார்கோவில் முன்கூட்டியே அனுப்பினால் மலிவா என்றும் கேட்டிருந்தீர்கள். இல்லை. கார்கோவில் இடத்துக்கும் எடை உண்டு, நீளம் × அகலம் × உயரத்தை 6000-ஆல் வகுப்பார்கள். 140 × 80 × 25 என்றால் 46 கிலோவுக்கு மேல் வருகிறது, உள்ளே இருப்பது 13 கிலோதான். பயணியின் லக்கேஜில் இந்தக் கணக்கு கிடையாது, கூடவே எடுத்துப்போவதே லாபம். மதுரை, கோவை மாதிரி ஊர்களுக்கு விமானமே வேண்டாம், எழும்பூரிலோ சென்ட்ரலிலோ பார்சலில் போட்டுவிட்டு அதே ரயிலில் போய்விடலாம். அடிக்கடி பறக்கிறவர் என்றால் மடக்கு சைக்கிளை யோசிக்கலாம், பிராம்ப்டன் மடித்தால் மூன்று அளவும் கூட்டி 150 செ.மீ.க்குள்தான் வரும், 158-க்குள் சாதாரணப் பெட்டியாகவே போய்விடும்.

கடைசியாக, திரும்பி வரும் பயணம். அட்டைப்பெட்டியை ரம்பூயேயில் எங்கே வைப்பது என்று இப்போதே முடிவு செய்யுங்கள். தங்குகிற இடத்துக்கு எழுதிக் கேளுங்கள், அவர்கள் வைத்துக்கொள்ள மாட்டேன் என்றால் அந்த ஊர் சைக்கிள் கடையில் வேறொரு பெட்டி சொல்லி வையுங்கள். 90 மணி நேர வரம்பில் 1200 கிலோமீட்டர் ஓட்டி முடித்தவருக்குப் பெட்டி தேடி அலையத் தெம்பு இருக்காது. அங்கே கிடைக்கும் பெட்டி பெரியதாக இருந்தால், நீங்கள் மின்னஞ்சலில் எழுதிக் கொடுத்த அளவுக்கு வெட்டி ஒட்டுங்கள், அதற்கும் அந்த பிரவுன் டேப்பே உதவும்.